காவலனும் புளித்த மோரும்

சந்தேகப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் கொடுக்கிற வேலைகள் உலகத்தில் அதிகமில்லை. போலீஸ்காரர்களுக்கு உண்டு. மாமியார்கள் இலவசமாகவே செய்கிறார்கள். நிறைமதிக்கு அப்படி ஒரு வேலையைக் கொடுத்திருந்தது, கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட சுடர்வித்து என்கிற விதைக் கம்பெனி. ஒப்பந்தம் போட்டு விவசாயிகள் வளர்த்துக் கொடுக்கும் விதையில் வேற்று ரகம் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலந்திருந்தால் அது யார் கைவேலை என்று கண்டுபிடிக்க வேண்டும். இதையே செய்து செய்து, யாராவது வணக்கம் சொன்னால்கூட இந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றும்.

அந்த ஆபீசில் 'கலப்பு' என்பது கெட்ட வார்த்தை. சுவரெல்லாம் 'கலப்பில்லாத விதை, கவலையில்லாத வாழ்வு' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். நிறைமதியின் அப்பாவும் அம்மாவும் செய்துகொண்டது கலப்புத் திருமணம். மீட்டிங்கில் யாராவது கலப்பை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று மேஜையைத் தட்டும்போதெல்லாம் அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடிப்பாள். அதை யாரும் கவனித்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை டாக்டர் கிருபாகரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். அவரை நல்லவர் என்று யாரும் சொன்னதில்லை, கெட்டவர் என்று நிரூபிக்கவும் முடிந்ததில்லை. கம்பெனியின் தலைப்பிள்ளையான 'காவலன்' அவருடைய மூளையில் பிறந்ததுதான். பூ விரிகிற நேரத்தில் அதன் மேல் தெளிக்கும் மருந்து அது. தெளித்த பூவுக்குள் கம்பெனி ஆண் செடியின் மகரந்தத்தைத் தவிர வேறு எந்த மகரந்தமும் நுழைய முடியாது. முன்பெல்லாம் விதைப்பயிர் போட்டால் சுற்றுவட்டாரத்தில் அதே இனம் இருக்கக் கூடாது, பூவுக்குப் பூ காகித உறை மாட்ட வேண்டும் என்று ஆயிரம் தொல்லை. காவலன் வந்த பிறகு அதெல்லாம் போயிற்று. விடியற்காலை ஒரு தெளிப்பு, அவ்வளவுதான்.

தாராபுரம் பக்கம் கருக்கம்வலசு என்ற ஊரில் அங்கமுத்து என்பவர் வயலில் விளைந்த அரசாணி, அதாவது பரங்கிக்காய் விதையில் பாதிக்குப் பாதி கலப்பு என்று கிருபாகரன் சொன்னார். நாட்டு அரசாணியின் மகரந்தம் காவலனைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. அப்படிப் போக வேண்டுமென்றால் யாரிடமோ மாற்று மருந்து இருக்க வேண்டும். அங்கமுத்துவின் மச்சான் ஒரு காலத்தில் நம் சோதனைக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தவன் என்பதையும் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னார். ஊரிலிருந்தும் ஒருவர் போன் பண்ணி அந்த ஆள் மேல் சந்தேகம் என்று சொல்லியிருக்கிறாராம்.

"தொழில் ரகசியத் திருட்டுன்னு புகார் கொடுக்க சட்டப் பிரிவு தயாரா இருக்கு. புதுச் சட்டத்துல ஜாமீன் கிடையாது, தெரியுமில்ல? உள்ள போனா அந்த ஆள் வெளிய வர வருஷக்கணக்காகும். நிலத்தையும் முடக்கிடுவாங்க. நீங்க பாத்துட்டு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கொடுத்துடலாம்" என்றார்.

என்ன வார்த்தை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருப்பதாகத் தெரியவில்லை.

கருக்கம்வலசில் காரை நிறுத்தியதுமே ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டார். சென்னியப்பன், அங்கமுத்துவின் பக்கத்துத் தோட்டக்காரர். கம்பெனிக்குப் போன் பண்ணியது தான்தான் என்று பெருமையோடு ஒத்துக்கொண்டார். ஊரில் ஒருத்தர் வீட்டு வேலியிலும் நாட்டு அரசாணி காய்த்து ரெண்டு வருஷமாகிறது என்றார். கொடி ஓடுகிறது, பூக்கிறது, பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. பாகல் காய்க்கிறது, புடலை காய்க்கிறது, அரசாணிக்குத்தான் இந்தச் சாபம். கண்பட்டதென்று பூசணிக்காய் உடைத்தவர்கள் உண்டு. தண்ணீரில் எவனோ எதையோ கலந்துவிட்டான் என்று கிணற்றைப் பூட்டியவர்கள் உண்டு. பங்காளி வீட்டுக்காரன் மருந்து வைத்துவிட்டான் என்று அருவாளைத் தூக்கிக்கொண்டு போய், தடுத்தவர் கையில் தையல் போடும்படி ஆகியிருக்கிறது.

"ஊரே மலடாக் கெடக்குதுங்க. அவன் வேலியில மட்டும் கொடி தாங்காம காய் தொங்குது. எப்படீங்க? என்னமோ பண்ணிப்போட்டான். எங்க காயெல்லாம் அவன் வேலிக்குப் போயிருச்சு" என்றார் சென்னியப்பன்.

காய் எப்படி ஐயா வேலி தாண்டிப் போகும் என்று கேட்க நினைத்தாள். ஆனால் அவர் முகத்தில் இருந்தது பொறாமை மட்டுமில்லை, பயமும் இருந்தது. அதனால் கேட்காமல் நடந்தாள்.

அங்கமுத்து அவளைப் பார்த்ததும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வாங்க அம்மணி என்று கூப்பிட்ட வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அவர் மனைவி பொன்னாத்தா நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள். வேலியில் சென்னியப்பன் சொன்னது உண்மைதான். இலைக்கு இலை அரசாணிக்காய் உட்கார்ந்திருந்தது.

நிறைமதி ஒவ்வொன்றாகக் கேட்டாள். காவலனை எத்தனை மணிக்குத் தெளிப்பீர்கள், எந்தத் தண்ணீர், யார் தெளிப்பார்கள், மச்சான் இப்போது எங்கே இருக்கிறார். அங்கமுத்து எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். மச்சான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம், பேசி ஒரு வருஷம் ஆகிறதாம். வேறு ஏதாவது மருந்து அடித்தீர்களா என்ற கேள்விக்கு மட்டும் பதில் கொஞ்சம் அவசரமாக வந்தது.

"ஐயய்யோ, ஒண்ணும் இல்லீங்க. கம்பெனிக்காரங்க குடுத்ததைத் தவிர ஒரு சொட்டு அடிக்கலீங்க."

பொன்னாத்தா சட்டென்று தலையைத் திருப்பி மாட்டுக் கொட்டகையைப் பார்த்தாள். நிறைமதி சம்பளம் வாங்குவதே இந்த மாதிரித் திரும்பல்களுக்குத்தான். தெளிப்பானைப் பார்க்க வேண்டும் என்றாள். முதுகில் மாட்டிக்கொள்ளும் பழைய பிளாஸ்டிக் டேங்க். மூடியைத் திறந்ததும் குப்பென்று புளித்த வாடை அடித்தது. இது என்ன என்று கேட்டதற்கு, குடித்த டம்ளரைக் கழுவி அதில் ஊற்றியிருப்பார்கள் என்றார் அங்கமுத்து. யாரும் தெளிப்பானில் டம்ளர் கழுவுவதில்லை என்பது மூவருக்கும் தெரியும்.

அடியில் தேங்கியிருந்ததைக் குப்பியில் பிடித்துக்கொண்டு கிளம்பும்போது பொன்னாத்தா வேலிப் படல்வரை கூடவே வந்தாள். அவளுக்கு அந்த மருந்து என்ன செய்கிறது என்பதே புரியவில்லையாம். யாரும் சொன்னதில்லையாம்.

"பூவுக்குள்ள அப்படி என்னதானுங்க அம்மணி நடக்குது? கம்பெனிக்காரங்களைக் கேட்டா அடி, அடிக்காதேன்னுதான் சொல்றாங்க."

நிறைமதிக்குச் சொல்லக் கூடாது என்று எங்கும் உத்தரவில்லை. ஒரு பெண் பூவைப் பறித்து, அடியில் இருந்த பிஞ்சைக் காட்டினாள். "தேனீ கொண்டாந்து போடற மகரந்தம் இந்த நுனியில விழும். விழுந்ததும் அதுல இருந்து வேர் மாதிரி ஒரு குழாய் முளைச்சு கீழ இறங்கும். உள்ள இருட்டு, அதுக்கு வழி தெரியாது. அதனால உள்ள இருக்கற சூல் சின்னச் சின்னப் புரதத்தைக் கசிய விட்டு, இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம் வான்னு கூப்பிடும். கிட்ட வந்ததும் நில்லு, உடையுன்னு இன்னொரு சேதி. குழாய் உடைஞ்சு உயிர் சேரும். சேர்ந்ததுக்கு அப்புறம் கடைசியா ஒரு சேதி போகும். போதும், இனி யாரும் வர வேண்டாம்னு."

"நம்மளாட்டவே பேசிக்குதுங்க" என்றாள் பொன்னாத்தா.

"அந்தப் 'போதும்'தான் காவலன். பூ கடைசியில சொல்ற வார்த்தையை நாங்க ஒண்ணும் நடக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறோம். எங்க செடியோட மகரந்தம் அதைக் காதுல வாங்காத மாதிரி மாத்தி வெச்சிருக்கோம். அது மட்டும் உள்ள போகும்."

பொன்னாத்தா அந்தப் பூவைக் கையில் வாங்கிக்கொண்டாள். "அந்தப் பூவுக்கு வேணுமா வேண்டாமான்னு ஆரும் கேக்கறதில்லீங்களா?" என்றாள். நிறைமதி காருக்குப் போய்விட்டாள்.

புளியமரத்தடியில் காரை நிறுத்திக் கையடக்கக் கருவியில் குப்பியைப் பொருத்தினாள். முடிவு வரும்வரை கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டாள். திருட்டு மருந்தின் தடம், போட்டிக் கம்பெனியின் முத்திரை, ஏதாவது ஒன்று திரையில் வரும் என்று நிச்சயமாக எதிர்பார்த்தாள். வந்தது வேறு. காவலனின் புரதச் சங்கிலி இருந்தது, ஆனால் பொடிப்பொடியாக நறுக்கப்பட்டிருந்தது. நறுக்கியது யார் என்பதும் அடுத்த வரியில் வந்தது. பாலைத் தயிராக்குகிற சாதாரண பாக்டீரியா. தேங்காய் எண்ணெயின் கொழுப்பும் கொஞ்சம். அவள் கையிலிருந்த டப்பாவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பிப் போனபோது அங்கமுத்து எழுந்துகூட நிற்கவில்லை. எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்ட ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். தேமோர் கரைசல் அடித்தீர்களா என்று நேராகக் கேட்டாள்.

அவர் ஒத்துக்கொண்டார். தேங்காய்ப் பாலையும் மோரையும் கலந்து பானையில் புளிக்க விட்டு, பூப்பதற்கு முன்னால் அடிப்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்துகொண்டிருந்ததுதான். பூ நிறையப் பிடிக்கும். கம்பெனி ஒப்பந்தத்தில் வேறு எந்த மருந்தும் கூடாது என்று போட்ட பிறகு ஊரே விட்டுவிட்டது. இவருக்கு மனசு கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் அடித்தார். மிச்சத்தை வேலிக் கொடிக்கும் அடித்தார். அதே டேங்கைச் சரியாகக் கழுவாமல் காவலனையும் அதிலேயே ஊற்றினார்.

"தப்புத்தானுங்க. ஒப்பந்தத்தை மீறிப்போட்டேன். அடுத்த போகம் குடுக்க மாட்டாங்கன்னு பயந்து பொய் சொல்லிப்போட்டேன். திருட்டெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்றார். பொன்னாத்தா அவர் பக்கத்தில் வந்து நின்றாள், தோளில் கை வைக்கவில்லை, ஆனால் ரொம்பப் பக்கத்தில் நின்றாள்.

ஒரு சின்னப் பொய்யை மறைக்கப் போய் இந்த மனுஷன் ஜெயிலுக்குப் போக இருந்தார். அதை நினைத்ததும் நிறைமதிக்கு அவர் மேல் கோபமே வந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன், யாரிடமும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

ஆனால் கார் தாராபுரம் தாண்டுவதற்குள் அடுத்த எண்ணம் வந்துவிட்டது. அங்கமுத்து தப்பு செய்ததால்தான் அவர் வேலிக் கொடி காய்க்கிறது. அப்படியென்றால் மற்றவர்களின் வேலியைக் காய்க்கவிடாமல் செய்தது எது? காவலன் பத்தடிக்கு மேல் பறக்காது என்று கம்பெனி அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறது. பத்தடியாவது, ஊரையே சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு விடியலிலும் ஒவ்வொரு நாட்டுப் பூவிடமும் போதும், போதும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பங்காளி மேல் அருவாளைத் தூக்கியவனுக்கு யார் போய் இதைச் சொல்வது? இன்னும் ரெண்டு மூன்று பருவம் இப்படிப் போனால் விதைக்கு வைக்க ஒரு நாட்டு அரசாணிகூட மிஞ்சாது. பிறகு விதைக்கு எல்லோரும் எங்கே வருவார்கள் என்பதற்கு விடை கண்டுபிடிக்க மகா மூளை தேவையில்லை.

உண்மையைச் சொன்னால் அங்கமுத்து பிழைப்பார். ஆனால் மோர் காவலனைத் தின்கிறது என்று தெரிந்த மறுநாளே கிருபாகரன் மோர் தின்ன முடியாத காவலனைச் செய்ய உட்கார்ந்துவிடுவார். சங்கிலியின் இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கினால் போதும், பாக்டீரியாவுக்குக் கடிக்க முனை கிடைக்காது. பரிசோதனை, அனுமதி எல்லாம் முடிய இரண்டு வருஷம் ஆகலாம், ஆனால் வந்துவிடும். உண்மையை மறைத்தால் ஊருக்கு மோர் என்கிற வழி மிஞ்சும், அங்கமுத்து உள்ளே போவார். இரண்டில் எதைச் செய்தாலும் யாரோ ஒருவர் கழுத்தில் கை வைத்த மாதிரிதான்.

அப்போது கிருபாகரன் போன் பண்ணினார். புளியமரத்தடியில் நிறைய நேரம் நின்றிருந்தீர்களே, வண்டியில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். காரை வேவு பார்க்கிறார்கள் என்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அவர் அதை மறைக்காமல் கேட்டதுதான் புதிது. சாப்பிட்டேன் சார் என்றாள். என்ன சாப்பாடு என்றார். தயிர்சாதம் என்று சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்றிருந்தது. அவர் ம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மீட்டிங்கில் கிருபாகரனும், சட்டப் பிரிவின் தலைவி மிருணாளினியும், விற்பனைப் பிரிவில் இருவரும் இருந்தார்கள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை நிறைமதி சொன்னாள். திருட்டு இல்லை, கழுவாத டேங்கில் இருந்த புளித்த மோர். காவலன் பறக்கிற கதையை அவள் எடுக்கவே இல்லை. வேலிக் கொடியையும் சொல்லவில்லை. விற்பனைப் பிரிவில் ஒருவர் சிரித்தார். மிருணாளினிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆளை விட்டுவிடுவதா, ஒப்பந்தத்தை மீறியதற்காவது ஒரு வழக்குப் போட வேண்டாமா என்றாள்.

"போடலாம் மேடம். ஆனா கோர்ட்டுல மோர் வரும். டிவியில வரும்" என்றாள் நிறைமதி. மிருணாளினி பேனாவைக் கீழே வைத்தாள். நிறைமதி மெதுவாக அடுத்த காயை நகர்த்தினாள். இன்னும் எத்தனையோ விவசாயிகள் இப்படித் தெரியாமல் கலந்திருக்கலாம். நாளைக்கு ஒருவர் விதை கெட்டுவிட்டது, கம்பெனி எச்சரிக்கவில்லை என்று நஷ்டஈடு கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? பாட்டிலில் ஒரு எச்சரிக்கை வரி போட்டுவிட்டால் பொறுப்பு நம் தலையில் இருக்காது.

சட்டப் பிரிவுக்கு எச்சரிக்கை வரி என்றால் கல்யாணச் சாப்பாடு. மிருணாளினி அங்கேயே எழுதச் சொன்னாள். நிறைமதி எழுதி வாசித்தாள்: "காவலன் தெளிக்கும் பூக்களின் மேல் புளித்த மோரோ தேமோர் கரைசலோ படக் கூடாது. பட்டால் காவலன் முற்றிலும் செயலிழக்கும். மற்ற மகரந்தங்கள் தடையின்றி உள்ளே செல்லும்." சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இங்கே இருப்பவர்களில் இதன் இன்னொரு அர்த்தம் புரியக்கூடியவர் ஒரே ஒருவர்தான். நாடு முழுக்கக் காவலன் போகிற ஒவ்வொரு ஊருக்கும் மாற்று மருந்து இன்னதென்று கம்பெனியே அச்சடித்து அனுப்பப் போகிறது. வளையக் காவலன் வருவதற்குள் ஊருக்கு ஊர் நாட்டு விதை சேர்த்துவிடலாம். மோர் இல்லாத ஊர் எது?

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இதோ முடிந்தது என்று நிறைமதி நினைத்தாள்.

"எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கட்டும். கிராமத்துல வயசானவங்கதான் தெளிக்கறாங்க. எல்லா மொழியிலயும் போடுங்க" என்றார்.

அடுத்த மாதமே புது பாட்டில்கள் கிளம்பின. அங்கமுத்துவுக்கு ஒப்பந்தம் ரத்தானது, வழக்கு இல்லை. கருக்கம்வலசில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க நிறைமதிக்குக் கை பரபரத்தது. விசாரித்தால் அது பதிவாகும் என்பதால் சும்மா இருந்தாள். கிருபாகரன் ஏன் அப்படிச் சொன்னார் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. புரியாமல் சொன்னாரா? அவருக்கா புரியாது? புரிந்து சொன்னாரென்றால் எதற்காக? அவள் எவ்வளவு தூரம் போவாள் என்று கயிற்றை நீட்டிப் பார்க்கிறாரோ என்னவோ.

ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவரே அவள் அறைக்கு வந்தார். இதுவரை வந்ததில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். மீட்டிங்கில் கலப்பு என்ற பேச்சு வரும்போதெல்லாம் நீங்கள் தண்ணீர் குடிப்பீர்கள், பார்த்திருக்கிறேன் என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்டுக் கொல்லையில ஒரு அரசாணிக் கொடி இருக்கு, நிறைமதி. என் மனைவி போட்டது. இந்தக் கோயம்புத்தூருக்கு நடுவுல. ரெண்டு வருஷமா பூ பூக்குது, ஒரு காய்கூட நிக்கலை. நான் கண்டுபிடிச்சதுதான் காரணம்னு அவகிட்ட சொல்ல வாய் வரலை. மனசுக்குள்ளயே வெச்சிட்டு இருக்கேன். காய் ஏன் நிக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே கலங்கியதா, கலங்க வைத்துக்கொண்டாரா என்று அவள் தேடினாள். தெரியும் சார் என்ற இரண்டு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய சட்டைப் பையில் போன் இருந்தது. பேச்சு பதிவாகிறது என்று காட்டும் அதன் சின்ன விளக்கு எரிகிறதா, இல்லை ஜன்னல் வெளிச்சம்தானா? அவளால் நிச்சயிக்க முடியவில்லை.

"தண்ணி போதலையோ என்னமோ சார்" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இருக்கும்" என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.